‘பணத்தைத் திருப்பிக் கட்டு’ என்றால் முதலில் தாளைக் கேளுங்கள்

இந்த முறை மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டேன். மூன்றுமே விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்தவை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். முதல் கடிதத்துக்குத்தான் நீளமான பதில். அந்த அம்மா அடுத்த வாரமே அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

“என் மகனுக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று சான்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகு ஊரில் ஒருவர் எழுதிக்கொடுத்தார். தாலுகா ஆபீஸ் மூலமாக இன்னொரு 1,500 ரூபாயும் வந்தது. இரண்டும் அவனுக்குச் சேர வேண்டியது என்றுதான் நினைத்தோம். இப்போது ‘இரண்டு வாங்கக் கூடாது, 22 மாதத்துக்கு 33,000 ரூபாய் கட்டு, இல்லாவிட்டால் இரண்டையும் நிறுத்திவிடுவோம்’ என்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்றரை ஏக்கர் கொல்லை, மணிலா போட்டிருக்கிறோம். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்?”
– திண்டிவனம் வட்டத்திலிருந்து ஒரு தாய்

அம்மா, கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, அதுவே பாதிக் காரியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வந்த இரண்டு பணமும் என்னென்ன என்று பார்த்துவிடலாம். 2,000 ரூபாய் என்பது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை. 1,500 ரூபாய் வருவாய்த்துறை கொடுப்பது, ஊரில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறோமே, அந்தக் கணக்கில் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 1,000 ரூபாயாக இருந்தது 2023 ஜனவரியிலிருந்து 1,500 ஆனது. ஒரே ஆளுக்கு ஒரே காரணத்துக்காக இரண்டு துறையும் கொடுப்பதில்லை. அதனால் ஒன்றை விடத்தான் வேண்டும். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி. விட வேண்டியது 1,500 ரூபாயை. 2,000 ரூபாய்க்கு உங்கள் மகனுக்குத் தனியாகத் தகுதி இருக்கிறது. தாலுகா பணத்தில் தகராறு இருக்கிறது என்பதற்காக அதையும் சேர்த்து நிறுத்துவேன் என்பது மிரட்டல்தான், விதி இல்லை.

அடுத்தது, அந்த 33,000. இதை யார் எந்தத் தாளில் கணக்குப் போட்டார்கள்? வாயால் சொன்ன தொகைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. எந்த உத்தரவின்படி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மாதத்துக்கு எவ்வளவு, யார் கையெழுத்து – இவை நான்கும் எழுத்தில் வர வேண்டும். வந்ததும் மகனின் பாஸ் புத்தகத்தை வங்கியில் கொடுத்துப் பதிவு போட்டு வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். 22 மாதமும் பணம் ஏறியிருக்கிறதா? 1,000 ரூபாய் வந்த மாதத்துக்கும் 1,500 என்று போட்டிருக்கிறார்களா? பணம் வங்கி முகவர் கையால் வீட்டுக்கு வந்திருந்தால், கைரேகை வைத்த மாதமெல்லாம் பணம் கைக்கு வந்ததா? கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகாது என்று நம்மில் பலரும் நம்புகிறோம். ஆஸ்திரேலியாவில் அரசாங்கமே அப்படி நம்பி லட்சக்கணக்கான ஏழைகளுக்கு ‘அதிகமாக வாங்கிவிட்டீர்கள்’ என்று கடன் நோட்டீஸ் அனுப்பியது. வருடக் கூலியைச் சராசரி போட்டுக் கணக்கிட்ட முறையே சட்டப்படி செல்லாது என்று 2019-இல் நீதிமன்றத்தில் அந்த அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி கையெழுத்து விஷயம். அதிகமாகக் கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2014-இல் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் நடந்த வழக்கில் தெளிவாகச் சொன்னது. கடைநிலை ஊழியர், ஓய்வு பெற்றவர், ஐந்து வருடத்துக்கு மேல் வாங்கியவர் ஆகியோரிடம் வசூலிக்கக் கூடாது. வசூலிப்பது அளவுக்கு மீறிக் கொடுமையாக இருக்கும் மற்ற இடங்களிலும் கூடாது. அந்த வழக்கில் வாங்கியவர்கள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, தவறு கொடுத்தவர் பக்கம். இது அரசு ஊழியர் சம்பளம் பற்றிய தீர்ப்பு. உதவித்தொகைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளக்காரரிடமே கூடாது என்றால், மாற்றுத்திறனாளி மகனை வைத்திருக்கும் விதவைத் தாயிடம் கூடுமா என்று கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. இரண்டே வருடம் கழித்து, 2016-இல், ஜக்தேவ் சிங் என்பவர் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. ‘அதிகமாக வந்தால் திருப்பிக் கொடுக்கிறேன்’ என்று அவர் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் அவர் கட்டத்தான் வேண்டும் என்றார்கள். இப்போது புரிகிறதா, அந்தத் தாளை உங்கள் முன்னால் ஏன் நீட்டினார்கள் என்று?

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மகனுக்கு 18 வயது தாண்டிவிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. பெற்ற தாயாக இருந்தாலும் அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, நிலம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் நாளை கேட்பார்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது, 1,500 ரூபாய்க்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். ‘ஊரில் ஒருவர் எழுதிக்கொடுத்தார்’ என்கிறீர்கள். அதில் ‘வேறு உதவித்தொகை பெறுகிறாரா’ என்ற இடத்தில் அவர் என்ன எழுதினார்? ‘ஆம்’ என்றோ, ஒன்றும் எழுதாமலோ இருந்தால் தவறு முழுக்க அலுவலகத்துடையது. ‘இல்லை’ என்று இருந்தால் உங்கள் வழக்கு கொஞ்சம் பலம் குறையும். அப்போது யார் எழுதியது, உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நகலைத் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்பதற்குச் சான்று வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.

அடுத்த வாரம் போகும்போது இப்படி ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். பெறுநர்: தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்.

“என் மகன் பெயரில் பெறப்பட்ட உதவித்தொகை தொடர்பாக ரூ.33,000 திருப்பிச் செலுத்தும்படி வாய்மொழியாகக் கூறப்பட்டது. இதற்கான உத்தரவின் நகல், மாத வாரியான கணக்கு, நான் அளித்த விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றை எழுத்து மூலம் வழங்கக் கோருகிறேன். தங்கள் அலுவலகம் வழங்கும் ரூ.1,500-ஐ இம்மாதம் முதல் நிறுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் ரூ.2,000 தடையின்றித் தொடர வேண்டும். பெற்ற தொகை மகனின் மருந்துக்கும் உணவுக்கும் செலவாகிவிட்டது. வேறு வருமானம் இல்லாததால் வசூலிப்பதிலிருந்து விலக்களிக்க வேண்டுகிறேன். என் விளக்கத்தைக் கேட்டு முடிவு செய்யும் வரை எந்தப் பிடித்தமும் செய்ய வேண்டாம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு ரயில்வே ஊழியரின் சம்பளத்தை நோட்டீஸ் இல்லாமல் குறைத்ததற்காக 1994-இலேயே உச்ச நீதிமன்றம் ரயில்வேயைக் கண்டித்திருக்கிறது. விளக்கம் கேட்காமல் ஒருவர் பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது அடிப்படை நியாயம்.

மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே நடக்காவிட்டால் திண்டிவனம் சப் கலெக்டர்; அதற்கும் மேல் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம். ஒவ்வோர் இடத்திலும் முந்தைய மனுவின் நகலை இணையுங்கள். வக்கீல் வேண்டும் என்றால் செலவு இல்லை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

விலக்கு கிடைக்காமல், கட்டத்தான் வேண்டும் என்று முறையான உத்தரவு வந்தால் தவணை கேளுங்கள். மாதம் 200, 300 ரூபாய் என்று உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். அப்போதும் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அரசுக் கணக்கில் சலான் மூலம் கட்டி ரசீது வாங்குங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் மாவட்டமே பார்த்த ஒரு கூத்து. 2020-இல் பி.எம். கிசான் திட்டத்தில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தகுதியில்லாமல் பதிவு செய்தார்கள். வேளாண் அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போயிருந்தது. சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. ‘கொரோனா பணம் வருது’ என்று சொல்லி ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் வாங்கிப் போனவர்களுக்கு கமிஷன் போயிற்று. பிறகு வசூல் என்று வந்தபோது மாட்டியது யார் கணக்கு? ஆதார் கொடுத்த கூலிக்காரர் கணக்கு. பணம் வரும்போது வந்த தரகர், பணம் திரும்பப் போகும்போதும் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

“தீவனம் நறுக்கும் மெஷினில் இடது கை மாட்டி மூன்று விரல் போய்விட்டது. வங்கியில் வருடா வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்கள். ‘விபத்து நடந்தால் இரண்டு லட்சம்’ என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இப்போது ஒரு ரூபாய்கூட வராது என்று கடிதம் வந்திருக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?”
– விக்கிரவாண்டி பகுதியிலிருந்து ஒரு கரும்பு விவசாயி

ஏமாற்று என்று சொல்வதைவிட, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கியது என்று சொல்லலாம். நீங்கள் சேர்ந்திருப்பது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை, வருடத்துக்கு 20 ரூபாய், ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஊனத்துக்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. இரண்டு கண் பார்வையும், அல்லது இரண்டு கை அல்லது இரண்டு காலின் பயனும் போனால் 2 லட்சம். ஒரு கண்ணும், ஒரு கை அல்லது காலின் பயனும் சேர்ந்து போனாலும் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையின் பயனோ, ஒரு காலின் பயனோ போனால் 1 லட்சம். அவ்வளவுதான். விரல் என்ற சொல்லே அதில் இல்லை. கழனியில் வேலை செய்பவருக்கு அடிக்கடி போவது விரல்தான். அட்டவணை போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆனாலும் உங்கள் கதவு முழுதாக அடைபடவில்லை. அட்டவணையில் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள்: ‘கை போனால்’ என்று இல்லை, ‘கையின் பயன் போனால்’ என்று இருக்கிறது. கை உடம்போடு ஒட்டியிருந்தாலும் இனி பிடிக்கவோ தூக்கவோ முடியாது, இது திரும்பவும் வராது என்று மருத்துவர் எழுதினால் ஒரு லட்சத்துக்கு வழி உண்டு. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மூன்று விரல் துண்டிப்பு’ என்று மட்டும் இருந்திருக்கும். அதைப் பார்த்து நிராகரித்திருப்பார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, மீதி இரண்டு விரலால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று விவரமாக எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு விரலால் அரிவாள் பிடிக்க முடிகிறது என்றால் இந்தத் திட்டத்தில் பணம் வராது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாற்றுத்திறனாளிச் சான்றில் வரும் சதவீதம் வேறு கணக்கு. அது 40-ஐத் தொட்டால் அரசு உதவிகளுக்குப் பயன்படும். இன்சூரன்ஸ்காரர் அந்தச் சதவீதத்தைப் பார்த்து இங்கே பணம் தர மாட்டார்; இதன் அட்டவணையைத்தான் பார்ப்பார். சான்று வைத்தும் ஏன் தரவில்லை என்று பலரும் சண்டைக்குப் போவது இதனால்தான்.

மருத்துவர் சான்றோடு முதலில் அதே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மறுபடி எழுதுங்கள். எந்த நிறுவனம் என்பதை வங்கிக் கிளை சொல்ல வேண்டும். நிராகரித்தாலோ ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். இந்த மாதிரிக் குழுக் காப்பீட்டையும் அவர் விசாரிப்பார். அவர் கொடுக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்க 155255 என்ற இலவச எண் இருக்கிறது. இல்லாவிட்டால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே கெடு இரண்டு வருடம்.

தனியாக ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டிப் பாலிசி எடுத்து ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடுக்காத நிபந்தனையைக் காட்டி நிறுவனம் தப்ப முடியாது என்று 2000-இல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல் பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, நிராகரிக்கும்போது 14-ஆம் பக்கத்தைக் காட்டினால், ‘இந்தப் பக்கத்தை எனக்கு எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்’ என்று எழுதிக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் உழவர் அட்டை இருக்கிறதா? நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கருக்குள் சொந்தமாகப் பயிர் செய்பவர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. விபத்தில் உறுப்பு இழப்புக்கு அதில் தனி உதவி உண்டு. இரண்டு லட்சத்துக்காக அலைந்துகொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். அட்டையையும் மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தாலுகா அலுவலகம் போங்கள்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள். வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளர் ஓட்டும்போது அடிபட்டால் 15 லட்சம் என்று ஒரு பகுதி இருக்கும். இறந்தாலும், இரண்டு கை கால் போனாலும் முழுத் தொகை. ஒரு கையோ காலோ போனால் பாதி. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் வண்டி, மகன் ஓட்டிப் போய் நெடுஞ்சாலையில் அடிபட்டான் என்றால் இந்த 15 லட்சம் அவனுக்கு இல்லை. இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்து இந்த வரி இருக்கிறதா, எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். வண்டி வாங்கும்போது ஐந்து வருட இன்சூரன்ஸ் போட்டவர்களுக்கும் இந்தப் பகுதி மட்டும் ஒரே வருடத்தில் முடிந்திருக்கலாம்.

“மயிலம் பக்கம். ஏர் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கழனியிலேயே விழுந்து இறந்துவிட்டார். வேலை செய்யும்போது இறந்தது விபத்து இல்லையாம். 2 லட்சம் கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.”
– ஒரு வாசகி

ஆழ்ந்த வருத்தம் அம்மா. 20 ரூபாய்த் திட்டத்தைப் பொறுத்தவரை வங்கி சொன்னது சரி. மோட்டார் சைக்கிளில் போகும்போது மாரடைப்பு வந்து விழுந்தவர் வழக்கிலேயே, மாரடைப்பால் வந்த மரணம் விபத்து ஆகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வந்த அடிதான் காரணம் என்று காட்ட வேண்டும். பாம்பு கடித்து இறந்தால், மரத்திலிருந்து விழுந்து இறந்தால் அது விபத்து. அங்கே போலீஸ் எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் உடனே சேர்த்த மருத்துவமனையின் பதிவு போதும்.

ஆனால் வங்கியில் இருந்தவர் உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கணவரின் பாஸ் புத்தகத்தில் மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா பாருங்கள். 2022 ஜூனுக்கு முன்னால் அது 330 ரூபாய். அது இன்னொரு திட்டம், ஜீவன் ஜோதி பீமா. மாரடைப்போ காய்ச்சலோ, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 18-லிருந்து 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். 55 வரை தொடரும். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் நோயால் இறந்தால் மட்டும் கிடையாது. இரண்டு திட்டமும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கில் பிடிக்கப்படுவதால் எது எது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கணக்கில் பணம் இல்லாமல் அந்த வருடம் பிடிக்காமல் விட்டிருந்தால் உரிமை இல்லை. அதனால் இந்த வருடத்துப் பதிவுதான் முக்கியம்.

436 இருந்தால் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தோடு அதே கிளைக்குப் போய் ஜீவன் ஜோதி கிளைம் படிவம் கேளுங்கள். விபத்துப் படிவத்தை மறுபடி நீட்டினால் வாங்காதீர்கள். கணவருக்குக் கூட்டுறவு வங்கியிலோ தபால் நிலையத்திலோ வேறு கணக்கு இருந்தால் அந்தப் புத்தகத்தையும் பதிவு போட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு இடத்தில் பிடித்திருந்தாலும் பணம் ஒன்றுக்குத்தான் வரும். ஆனால் எந்தக் கணக்கில் பிடித்தார்களோ அந்த வங்கி வழியாகத்தான் வரும்.

மயிலம் பகுதியிலிருந்து பயிர்க் காப்பீடு பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைப் பார்த்த ஊர் அது. ஓரிரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் காப்பீட்டு ரசீதில் சர்வே எண், பயிர், பரப்பு மூன்றும் சிட்டா அடங்கலோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.